கடை வெப்சைட் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது? டெல்டா வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதும், மற்றவர்கள் செய்ததைப் பழுது பார்ப்பதும் என் தொழில். நாச்சியார்கோயில் விளக்கு, திருபுவனம் பட்டு, மன்னார்குடிப் பக்கம் பாரம்பரிய அரிசி, ஆலங்குடி லாட்ஜ் என்று ஆட்கள் வேறு வேறு. கேள்விகள் மட்டும் அதேதான். போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரு தடவை எழுதி வைத்தால் என் தொண்டை தப்பிக்கும் என்று தொகுத்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். பெரும்பாலான கடைகள் வேர்ட்பிரஸில் (தளம் கட்டும் இலவச மென்பொருள்) ஓடுவதால் பதில்களும் அதை ஒட்டியே இருக்கும்.

1. எங்க கடை கம்ப்யூட்டர்ல பட்டுனு தொறக்குது. கஸ்டமர்தான் சுத்திக்கிட்டே இருக்குங்கறாங்க. யாரு சொல்றது நெசம்?

இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். உங்கள் கம்ப்யூட்டர் அந்தத் தளத்தை நூறு தடவை திறந்திருக்கும். லோகோ, படம், எழுத்துரு எல்லாவற்றையும் பிரவுசர் ஏற்கெனவே இறக்கி உள்ளே வைத்திருக்கிறது. மறுபடி திறந்தால் அதிலிருந்து எடுத்துக் காட்டிவிடும். போதாததற்குக் கடையில் ஃபைபர் இணைப்பு வேறு. வாடிக்கையாளர் முதல் தடவை வருகிறார். கையில் நடுத்தர விலை போன், உட்கார்ந்திருப்பது ஓடும் பேருந்தில்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று தலைமடைக்காரரைக் கேட்டு என்ன பயன்? கடைமடையில் போய்ப் பார்க்க வேண்டும். போனில் வைஃபையை அணையுங்கள். குரோமில் இன்காக்னிடோ பக்கம் (பழைய பிரதியை எடுக்காமல் புதிதாக இறக்கும்) திறந்துகொள்ளுங்கள். சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாத இடம் ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும். அங்கே நின்று உங்கள் தளத்தைத் திறந்து, மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். மீட்டரெல்லாம் அப்புறம்.

2. வேகம்னு எதை வச்சு அளக்கறது? எத்தனை செகண்டுக்குள்ள வரணும்?

கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இலவசம். தள முகவரியைக் கொடுத்தால் சற்று நேரத்தில் அறிக்கை வந்துவிடும். அதில் மூன்று அளவுகள் முக்கியம். திரையில் தெரியும் மிகப் பெரிய உருப்படி, பெரும்பாலும் மேலே இருக்கிற பெரிய படம், 2.5 செகண்டுக்குள் வந்துவிட வேண்டும். இதற்கு எல்.சி.பி. என்று பெயர். பொத்தானைத் தொட்டால் 200 மில்லிசெகண்டுக்குள் பக்கம் ஏதாவது பதில் காட்ட வேண்டும். இது ஐ.என்.பி., 2024 மார்ச்சில் எஃப்.ஐ.டி. என்ற பழைய அளவை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள்.

மூன்றாவது சி.எல்.எஸ். போன் நம்பரைத் தொடப் போகிறீர்கள், அதற்குள் மேலே ஒரு படம் வந்து இறங்கி எல்லாம் கீழே தள்ளிப்போய் விரல் வேறெதிலோ படுகிறது. அந்தக் குதிப்பை அளப்பதுதான் இது. 0.1-க்குள் இருக்க வேண்டும். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பக்கத்தின் கோடில் (நிரலில்) முன்கூட்டியே எழுதி வைத்தால் பிரவுசர் இடம் ஒதுக்கி வைத்துவிடும், குதிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

அறிக்கையின் மேல்பகுதி கடந்த 28 நாளில் உண்மையான குரோம் பயனர்களுக்குக் கிடைத்த வேகம். சின்னக் கடைகளுக்கு வருகை குறைவு என்பதால் அந்த இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். உங்கள் தளத்தில் கோளாறு என்று அர்த்தமில்லை.

3. மொபைல்ல 38னு செவப்பாக் காட்டுது, கம்ப்யூட்டர்ல 91. எதை நம்பறது?

மொபைலை. சுமாரான போனும் மெதுவான 4ஜியும் இருந்தால் எப்படி இருக்கும் என்று வேண்டுமென்றே கட்டிப்போட்டு ஓட்டிப் பார்க்கிறார்கள், அதனால்தான் மார்க் குறைகிறது. 90 முதல் பச்சை, 50 முதல் 89 வரை ஆரஞ்சு, அதற்குக் கீழே சிவப்பு. ஒரே பக்கத்தை மூன்று தடவை ஓட்டினால் மூன்று மார்க் வரும். நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்க்கைவிட அதற்குக் கீழே வரும் பட்டியல்தான் பிரயோஜனமானது. எந்தக் கோப்பு எத்தனை கேபி, எது வழியை மறிக்கிறது என்று பெயரோடு சொல்லும். 94 ஏன் 100 ஆகவில்லை என்று என்னைத் தூங்கவிடாமல் செய்த முதலாளி ஒருவர் உண்டு. அவர் தளத்தில் கடை திறக்கும் நேரமே போடவில்லை. நான் 75, 80 வந்து, முதல் கேள்வியில் சொன்ன ஒற்றைக் கோட்டு சிக்னலிலும் பக்கம் மூன்று செகண்டில் தெரிந்தால் கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போய்விடுவேன்.

4. சரி, ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும்னா எதைச் செய்யறது?

படத்தைச் சுருக்குங்கள். நான் பார்த்த மெதுவான கடைத் தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் இது ஒன்றுதான்.

நாச்சியார்கோயிலில் ஒரு விளக்குக் கடை. தளம் வேர்ட்பிரஸ் இல்லை, முதலாளியின் அக்கா மகன் கையால் எழுதியது. முகப்பில் அன்னம் வைத்த குத்துவிளக்குப் படம், போனில் எடுத்து அப்படியே ஏற்றியிருந்தார்கள். 4000-க்கு 3000 புள்ளி (பிக்சல்), 4 எம்பி. பார்க்கிறவர் போனின் திரை அகலம் 1080 புள்ளிதான். மீதியெல்லாம் வீணாக இறங்குகிறது. 4 எம்பிபிஎஸ் வேகம், அதாவது செகண்டுக்கு 4 மெகாபிட் (8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 எம்பி) கிடைக்கிறது என்று வையுங்கள், அந்த ஒரு படம் இறங்கவே 8 செகண்ட். அப்படிப் பதினோரு படம் அந்தப் பக்கத்தில். அகலத்தை 1200 புள்ளியாக்கி, தரத்தை நூற்றுக்கு 78-ல் வைத்துச் சேமித்தபோது அதே விளக்கு 190 கேபி ஆனது. இறங்கும் நேரம் அரை செகண்டுக்கும் கீழே. திரியின் மஞ்சள், பித்தளையின் பளபளப்பு எதுவும் போகவில்லை. முதலாளி இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எது பழைய படம் என்று என்னையே கேட்டார்.

சுருக்குவதற்கு ஸ்குவூஷ் என்ற கூகுளின் இலவசக் கருவி போதும். பிரவுசரிலேயே வேலை செய்யும், படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. வேர்ட்பிரஸ் தானே சுருக்கிவிடுமே என்று கேட்பார்கள். 2019 முதல் 2560 புள்ளிக்கு மேற்பட்ட படத்தை அது சுருக்குகிறது, உண்மைதான். ஆனால் 2560 என்பதே போன் திரையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சின்ன அளவுப் பிரதிகளும் செய்து வைக்கும், ஆனால் படத்தைப் பின்னணியாக வைத்துவிட்டால் பல தீம்களில் (தளத்தின் தோற்ற வார்ப்பு) அந்தப் பெரியதுதான் போகிறது.

5. பட்டுச்சேலை யாவாரம் சார். படத்தை நசுக்குனா ஜரிகை தெரியாது, கலர் மாறுனா திருப்பி அனுப்பிடுவாங்க. எங்களுக்கும் இதே கணக்கா?

நியாயமான பயம். திருபுவனத்தில் இந்தக் கேள்வி கேட்காதவர்கள் இல்லை. விளக்குக்குச் சொன்ன கணக்கு சேலைக்கு அப்படியே பொருந்தாது. ஜரிகை மாதிரி நெருக்கமான வேலைப்பாடு சுருக்குவதற்குக் கடினம், 75 தரத்தில் புட்டா ஓரமெல்லாம் குழைந்துவிடும். அதனால் இரண்டு படமாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாகத் தெரியும் பட்டியலில் 500 புள்ளி அகலச் சின்னப் படம். அதைத் தொட்டால் மட்டும் முந்தானை நெருக்கப்படம் 1600 புள்ளியில், தரம் 85-ல் வரட்டும். வாங்க நினைப்பவர் அந்த ஒரு செகண்ட் காத்திருப்பார். வேடிக்கை பார்க்க வந்தவருக்கு நாற்பது சேலையின் பெரிய படத்தையும் இறக்கிக் காட்ட வேண்டியதில்லை.

கலர் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் சுருக்கியது இல்லை. ஐபோனும் சில உயர்விலை போன்களும் பி3 என்ற அகலமான நிறவெளியில் படம் எடுக்கின்றன. சில கருவிகள் சுருக்கும்போது அந்த நிறக்குறிப்பைக் கழற்றிவிடும். அப்போது அரக்குச் சிவப்பு வெளிறி, செங்கல் மாதிரி தெரியும். சுருக்குவதற்கு முன்பு படத்தை எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளிக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீரும். இலவச ஜிம்ப் மென்பொருளிலேயே செய்யலாம்.

இன்னொன்று. தறிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை எடுத்துத் தளத்தில் போடாதீர்கள். வழியிலேயே வாட்ஸ்அப் ஒரு தடவை நசுக்கியிருக்கும், அதை நீங்கள் மறுபடி நசுக்கினால் ஜரிகை போயே போய்விடும். டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், மூலப்படம் அப்படியே வரும்.

6. வெப்பினு மாத்தச் சொல்றாங்களே, பழைய போன்ல தெரியாமப் போயிடாதா?

தெரியும். வெப்பி 2010-ல் கூகுள் கொண்டுவந்த வடிவம். கடைசியாக முரண்டு பிடித்த ஐபோனின் சஃபாரி பிரவுசரும் 2020-ல் ஒத்துக்கொண்டது. வேர்ட்பிரஸ் 2021-ல் வந்த 5.8 முதல் நேரடியாக ஏற்றுக்கொள்கிறது. அதே தரத்தில், வழக்கமான போட்டோ வடிவமான ஜேபெக்கைவிடச் சுமார் கால் பங்காவது எடை குறையும். ஆனால் 4000 புள்ளிப் படத்தை வெப்பியாக மாற்றி மட்டும் விட்டால் அது வெப்பியான யானை. முதலில் அகலம், அப்புறம் வடிவம்.

போட்டோவைப் பி.என்.ஜி.யாகச் சேமிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அது லோகோவுக்கு உரியது.

7. லேசி லோடிங் போட்டா வேகம்னாங்க. போட்டதும் மார்க்கு கொறஞ்சிடுச்சு?

கீழே இருக்கும் படங்களை ஆள் அங்கே இறங்கி வரும்வரை கூப்பிடாமல் இருப்பது லேசி லோடிங். நல்லதுதான், வேர்ட்பிரஸ் 2020 முதல் தானே செய்கிறது. நீங்கள் தனியாக ஒரு பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) போட்டதில் அது முதல் படத்தையும் தூங்க வைத்துவிட்டது. இரண்டாவது கேள்வியில் சொன்ன எல்.சி.பி. பெரும்பாலும் அந்த முதல் படம்தான். பிளகின் அமைப்பில் முதல் ஒன்றிரண்டு படங்களை விலக்கிவிடுங்கள்.

8. ஓடுற ஸ்லைடர், யூடியூப் வீடியோ, மேப்பு, சாட்டு பொட்டி எல்லாம் இருந்தாத்தானே சார் சைட்டு மாதிரி இருக்கும்?

ஒவ்வொன்றாக வருவோம். ஸ்லைடரில் ஐந்து படம் ஓடுகிறது. மூன்றாவது படம் வரும்வரை காத்திருந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவருக்கு நான் காபி வாங்கித் தருகிறேன். ஐந்து படத்தின் எடையையும் ஓட்டும் கோடின் எடையையும் எல்லோரும் சுமக்கிறார்கள். நல்ல படம் ஒன்று போதும்.

மேப்பைப் பக்கத்தில் பதித்தால் கூகுளிலிருந்து ஏகப்பட்ட கோடு வந்து இறங்கும். லாட்ஜுக்கு வருகிறவருக்கு வேண்டியது வழி. 'வழி காட்டு' என்று ஒரு இணைப்பு கொடுங்கள், தொட்டால் மேப் ஆப்பே திறந்துகொள்ளும். வாட்ஸ்அப் பொத்தானும் அப்படித்தான், அது வெறும் இணைப்பு. அதற்குப் பிளகின் போடுவது கடுகு வாங்க லாரி எடுத்துப் போவது மாதிரி.

யூடியூபை மட்டும் நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்வதில்லை. தஞ்சாவூரில் வீணை செய்கிறவர் ஒருவர், நாதத்தைக் கேட்காமல் யார் வீணை வாங்குவார் என்று கேட்டார். சரியான கேள்வி. அவர் பக்கத்தில் ஆறு வீடியோ பதித்திருந்தது, யாரும் எதையும் தொடுவதற்கு முன்பே ஆறு பிளேயரும் இறங்கிக்கொண்டிருந்தன. இப்போது ஆறு இடத்திலும் ஒரு சின்னப் படம், அதன்மேல் முக்கோணக் குறி. தொட்ட பிறகுதான் யூடியூப் உள்ளே வருகிறது. வேர்ட்பிரஸில் இதற்குச் சின்னச் சின்ன இலவசப் பிளகின்கள் உண்டு.

சாட் பெட்டி? கடையில் அதற்குப் பதில் சொல்ல ஆள் உட்கார்ந்திருக்கிறாரா? இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

9. தமிழ் எழுத்து எடை சாஸ்தியாமே? இங்கிலீஷ்லயே வச்சுக்கிட்டா வேகமா இருக்குமா?

யாரோ பாதியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். யுனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு. 'தஞ்சாவூர்' என்ற சொல்லில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் சேர்த்து 9 குறியீடு, 27 பைட்டு. அதையே ஆங்கிலத்தில் எழுதினால் 9 பைட்டு. மூன்று மடங்கு என்பது சரிதான். ஆனால் ஆயிரம் வார்த்தைத் தமிழ்ப் பக்கம் முழுவதும் சேர்த்தாலும் முப்பது கேபிக்குப் பக்கத்தில்தான் வரும், சர்வர் அதை அமுக்கி அனுப்பும்போது இன்னும் குறையும். நாலாவது கேள்வியில் நன்றாகச் சுருக்கிய அந்த விளக்குப் படமே 190 கேபி. தமிழைக் குறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

எடை ஏறுவது எழுத்துருவில். சாதா, தடிமன், மெலிசு, சாய்வு என்று நாலைந்து கோப்பை ஏற்றி வைத்திருப்பார்கள். சாதாவும் தடிமனும் போதும், அதுவும் வெப்சைட்டுக்கென்றே சுருக்கிய வாஃப்2 வடிவில். அது வந்து சேரும்வரை போனிலேயே இருக்கும் தமிழ் எழுத்தில் காட்டும்படி 'ஸ்வாப்' என்று அமைத்துவிடுங்கள், இல்லையென்றால் கொஞ்ச நேரம் வெள்ளைத் திரைதான் தெரியும். தனி எழுத்துருவே இல்லாமல் போனில் உள்ளதை வைத்து ஓட்டினாலும் குற்றமில்லை. நான் அரிசிக் கடைகளுக்கு அப்படித்தான் செய்கிறேன். மாப்பிள்ளைச் சம்பா என்று எந்த எழுத்தில் எழுதினாலும் அதே அரிசிதானே.

ஒரு எச்சரிக்கை: எழுத்துருக் கோப்பைக் குறைக்கிறேன் என்று கண்ட கருவியில் வெட்டினால் எழுத்துகளைச் சேர்க்கும் விதிகளும் சேர்ந்து வெட்டுப்படும். அப்புறம் கு, டு, மு எல்லாம் உடைந்து நிற்கும்.

10. ஹோஸ்டிங் மாத்துனா எல்லாம் சரியாயிடும்னு ஒருத்தர் சொல்றாரு. மாத்தலாமா?

ஹோஸ்டிங் என்பது உங்கள் தளம் குடியிருக்கும் சர்வர் இடம். படத்தையும் பாரத்தையும் குறைத்துவிட்டுக் கேளுங்கள். அந்த விளக்குக் கடையின் 44 எம்பி பக்கத்தை எந்த சர்வருக்குக் கொண்டுபோனாலும் அது 44 எம்பிதான்.

குறைத்த பிறகும் தொட்டவுடன் கொஞ்ச நேரம் வெறும் வெள்ளையாக நின்று, அப்புறம் கடகடவென்று எல்லாம் வருகிறது என்றால் அது சர்வர் கோளாறு. பேஜ்ஸ்பீட் அறிக்கையின் மேல்பகுதியில் டி.டி.எஃப்.பி. என்று ஒரு அளவு இருக்கும், சர்வரிலிருந்து முதல் பைட்டு வந்து சேர ஆகும் நேரம். அந்த இடம் காலியாக இருந்தால் கீழே வரும் பட்டியலில் சர்வர் பதில் நேரத்தைப் பாருங்கள். 0.8 செகண்டுக்குள் இருந்தால் ஹோஸ்டிங்கைத் தொடாதீர்கள். தாண்டினால் முதலில் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கியது அமெரிக்காவில் இருக்கும். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அப்படிப் போயும் அங்கே ஒரு தடவை போய்வர 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது. இணைப்பு போட, பூட்டுச் சாவி பரிமாற, பக்கத்தைக் கேட்க என்று முதல் எழுத்து வருவதற்குள் மூன்று நாலு தடவை போய்வர வேண்டியிருக்கிறது. மும்பையிலோ சென்னையிலோ சர்வர் இருந்தால் இந்தத் தாமதத்தில் பெரும்பகுதி காணாமல் போகும்.

கூடவே பி.எச்.பி. (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) எந்தப் பதிப்பு என்றும் பாருங்கள். 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. கன்ட்ரோல் பேனலில் ஒரு தேர்வை மாற்றினால் 8-க்கு வந்துவிடலாம், பைசா செலவில்லை. மாற்றும் முன் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தீம்கள் சில 8-ல் படுத்துவிடும்.

11. கேச்சு கேச்சுங்கறாங்களே, அது என்ன?

காலையில் டிகாக்‌ஷன் இறக்கி வைத்துவிட்டால் ஆள் வர வர காபி கலந்து கொடுக்கலாம். ஒவ்வொருவர் வந்த பிறகும் கொட்டை வறுத்து அரைத்து இறக்கினால்? வேர்ட்பிரஸ் இரண்டாவது வகை. யார் வந்தாலும் டேட்டாபேஸில் தேடி, பக்கத்தைப் புதிதாகக் கட்டிக் கொடுக்கும். கேச் பிளகின் போட்டால் ஒரு தடவை கட்டிய பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதையே கொடுக்கும்.

உங்கள் ஹோஸ்டிங் லைட்ஸ்பீடு என்ற சர்வர் மென்பொருளில் ஓடினால் லைட்ஸ்பீடு கேச், இல்லையென்றால் டபிள்யூ.பி. சூப்பர் கேச். இரண்டும் இலவசம். ஒன்றுதான் போட வேண்டும். வேகம் இரட்டிப்பாகும் என்று இரண்டு மூன்று போட்டவர்களின் தளத்தைப் பிரித்து எடுத்ததில் என் ஞாயிற்றுக்கிழமைகள் சில போயிருக்கின்றன.

12. கேச் போட்டதுலேருந்து வெலையை மாத்துனா பழைய வெலையே காட்டுது. கஸ்டமர் சண்டைக்கு வர்றார்!

டிகாக்‌ஷன் பழசு. விலை மாற்றியவுடன் பிளகினில் 'கேச்சை அழி' என்று இருப்பதைத் தட்டுங்கள். சி.டி.என். வைத்திருந்தால் (அடுத்த கேள்வி) அங்கேயும் ஒரு தடவை. அப்படியும் உங்கள் போனில் மட்டும் பழசு தெரிந்தால் அது உங்கள் பிரவுசர் வைத்திருக்கும் பிரதி, முதல் கேள்வியில் சொன்ன இன்காக்னிடோவில் பாருங்கள்.

நகைக்கடைக்காரர்களுக்கு மட்டும் வேறு ஏற்பாடு வேண்டும். பவுன் விலை தினமும் மாறும், சில நாள் இரண்டு தடவையும் மாறும். அந்த விலைப் பக்கத்தைக் கேச்சிலிருந்தே விலக்கிவிடுங்கள். ஆன்லைனில் விற்கிற எல்லோருக்கும் ஒன்று: கூடை, பணம் கட்டும் பக்கம், வாடிக்கையாளர் கணக்கு மூன்றும் கேச்சில் வரவே கூடாது. ஒருவர் கூடை இன்னொருவருக்குத் தெரிந்தால் விலைத் தகராறைவிடப் பெரிய தகராறு.

13. சி.டி.என்.னு ஒண்ணு ஓசியிலயே கெடைக்குதாமே? சிங்கப்பூர்ல நமக்கு நெறைய கஸ்டமர்.

கிடைக்கிறது. கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனம் தன் இலவசத் திட்டத்தில் உங்கள் படங்கள், எழுத்துரு, ஸ்டைல் கோப்புகளின் பிரதியைப் பல நாடுகளில் உள்ள தன் கிடங்குகளில் வைத்துக்கொண்டு, கேட்பவருக்குப் பக்கத்திலிருந்து கொடுக்கும். சென்னையிலும் உண்டு, சிங்கப்பூரிலும் உண்டு. நம் பக்கத்து வியாபாரத்தில் சிங்கப்பூர், மலேசியா, துபாய் ஆர்டர்கள் நிறைய இருப்பதால் நான் பெரும்பாலும் போட்டுவிடுவேன். கவனிக்க வேண்டியது, நாமாக அமைக்காதவரை பக்கத்தின் எச்.டி.எம்.எல்.லை (எழுத்தும் அமைப்பும் உள்ள கோப்பு) அது எடுத்து வைப்பதில்லை. அதனால் பத்தாவது கேள்வியில் சொன்ன சர்வர் தாமதம் அப்படியே இருக்கும்.

14. பிளகின் எத்தனை வரைக்கும் வச்சுக்கலாம்?

எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. லேசான முப்பது பிளகின் ஓடும், கனமான ஒரு பேஜ் பில்டர் (இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டும் பிளகின்) அமுக்கிவிடும். ஒவ்வொன்றாக அணைத்துப் பேஜ்ஸ்பீடில் பாருங்கள், குற்றவாளி தானே மாட்டும். ஆறு மாதமாக என்ன செய்கிறதென்றே தெரியாத பிளகினை அணைத்தால் போதாது, அழித்துவிடுங்கள்.

15. குருப்பெயர்ச்சி அன்னிக்கு சைட்டே படுத்துடுச்சு. அன்னிக்குத்தானே எங்களுக்கு யாவாரமே!

ஆலங்குடி, திருநள்ளாறு பக்கம் லாட்ஜ், டாக்சி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது நடந்திருக்கும். மற்ற நாளில் ஐம்பது பேர், அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில். பகிர்வு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரில் பல தளங்கள்) ஒரே நேரத்தில் இத்தனை பி.எச்.பி. வேலைதான் ஓடலாம் என்று வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் 503 அல்லது 508 என்று பிழை காட்டிவிடும். கேச்சும் (கேள்வி 11) சி.டி.என்.னும் (கேள்வி 13) இருந்தால் பெரும்பாலானவர்கள் பி.எச்.பி.யைத் தொடாமலே போய்விடுவார்கள்.

அதற்கு மேலும் பயமாக இருந்தால் அந்த வாரத்துக்கு மட்டும் ஒரு தனிப் பக்கம் வையுங்கள். வெறும் எச்.டி.எம்.எல்., ஒரே படம், அறை இருக்கிறதா இல்லையா, வாடகை, போன் நம்பர், கோயிலுக்கு எவ்வளவு தூரம். இருபது முப்பது கேபி எழுத்து, அதோடு சுருக்கிய படம் ஒன்று, அவ்வளவுதான். கூட்ட நாளில் செல்போன் டவரும் திணறும், அந்த நெரிசலிலும் இது திறக்கும். 2016 மகாமகத்தின்போது இந்தத் தந்திரம் எனக்குத் தெரியாது. 2028-க்கு முன்பு கும்பகோணத்து லாட்ஜ்காரர்கள் எல்லோரும் ஒன்று செய்து வைத்துக்கொண்டால் நல்லது.

16. வேகமாயிட்டா கூகுள்ல மொத எடம் வந்துடுமா? ஏ.எம்.பி. போட்டாதான் வரும்ங்கறாங்க.

வராது. மொபைல் வேகத்தைக் கூகுள் 2018 முதல் கணக்கில் எடுக்கிறது, 2021 முதல் இரண்டாவது கேள்வியில் சொன்ன மூன்று அளவுகளையும் (அப்போது ஐ.என்.பி.க்குப் பதில் எஃப்.ஐ.டி.) சேர்த்துக்கொண்டது. ஆனால் அது பல காரணங்களில் ஒன்று, அதுவும் சின்னது. ஒருவர் மூன்றடிக் குத்துவிளக்கின் விலையைத் தேடுகிறார், உங்கள் பக்கத்தில் உயரமும் எடையும் விலையும் எழுதவே இல்லை, வெறும் படம். அது அரை செகண்டில் திறந்தாலும் கூகுள் எதை வைத்துக் காட்டும்? வேகத்தால் கிடைப்பது, வந்தவர் திரும்பிப் போகாமல் இருப்பது.

ஏ.எம்.பி. என்பது மொபைலுக்கென்று கூகுள் கொண்டுவந்த மெலிந்த பக்க வடிவம், 2015-ல் வந்தது. செய்தித் தளங்களுக்கு இருந்த கட்டாயத்தையும் 2021-ல் கூகுளே எடுத்துவிட்டது. கடைக்கு வேண்டாம்.

17. போன் பண்ணி, மூணு நாள்ல 100 மார்க் வாங்கித் தர்றோம்னு சொல்றாங்க. பணம் குடுக்கலாமா?

100 வாங்கித் தருவார்கள். எப்படி என்று கேளுங்கள். ஒரு வழி, பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் (மெனு, பொத்தான்களை இயக்கும் கோடு) முழுவதையும் ஆள் திரையைத் தொடும்வரை நிறுத்தி வைப்பது. சோதனைக் கருவி திரையைத் தொடாது, அதனால் பக்கம் லேசாகத் தெரிந்து மார்க் ஏறும். உண்மையான ஆள் மெனுவைத் தொட்டவுடன் நிறுத்தி வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் இறங்கும், முதல் தொடுதல் செத்துப் போகும். இரண்டாவது கேள்வியில் வந்த ஐ.என்.பி. இதனால்தான் கெடுகிறது. அளவாகச் செய்தால் இது நல்ல உத்திதான், மார்க்குக்காக எல்லாவற்றையும் கட்டிப்போடுவதுதான் தப்பு. இன்னும் மோசமான வழியும் உண்டு: வருவது சோதனைக் கருவி என்று கண்டுபிடித்து அதற்கு மட்டும் மெலிந்த பக்கத்தைக் காட்டுவது.

பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று கேட்டு வாங்குங்கள்: எதை எடுத்தோம், எதை மாற்றினோம் என்று எழுத்தில். வேலை முடிந்ததும் அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துவிட்டு, உங்கள் ஒற்றைக் கோட்டு சிக்னல் இடத்துக்குப் போய் மெனுவைத் தொட்டுப் பாருங்கள்.

18. எல்லாம் பண்ணுனோம், ஓடுச்சு. ஆறு மாசத்துல மறுபடி மெதுவாயிடுச்சே சார்?

வண்டல் சேர்கிறது. தீபாவளிக்கு ஒரு பாப்அப், பொங்கலுக்கு ஒரு பேனர், யாரோ சொன்னார்கள் என்று ஒரு பிளகின், அவசரத்தில் சுருக்காமல் ஏற்றிய பத்துப் படம். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் வாய்க்கால் தூர்வாருகிறார்கள் இல்லையா, நானும் மே மாதத்தில் என் வாடிக்கைக் கடைகளுக்கு ஒரு சுற்று போவேன். பழைய பேனர், தொங்கிக்கொண்டிருக்கும் பிளகின், 500 கேபிக்கு மேற்பட்ட படங்கள். ஒரு கடைக்கு அரை நாள் போதும்.

படம் ஏற்றுவது யார் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் முதலாளி இல்லை, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பையனோ பெண்ணோதான். நாச்சியார்கோயில் கடையில் அந்தப் பையன் கல்லாவுக்குப் பின்னால் ஒரு காலண்டர் அட்டையில் 'அகலம் 1200, 200 கேபிக்கு மேல் ஏற்றாதே' என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறான். போன மாதம் போனபோது எல்லாப் படமும் சரியாக இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் 3.8 எம்பி. முதலாளியின் பேத்தி விளக்கேற்றும் படம், அதை மட்டும் சுருக்கக் கூடாது என்று உத்தரவாம்.